கடன் வாங்கிய மதிப்பெண்

முடக்குவாதம் மூட்டுகளோடு நிற்பதில்லை என்பதை எல்மனும் பாலும் 1948இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினர். 1953இல் கப்லான், வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடம் அந்நோயோடு நுரையீரல் முடிச்சுகளையும் கண்டார். யார் எத்தனை காலம் வாழ்வார் என்ற கேள்விக்கு எண்ணில் விடை தேடப்பட்டது வெகுகாலம் கழித்தே. இடைத்திசு நோய் உறுதியானபின் இடைநிலை ஆயுள் 2.6 ஆண்டுகளே என்றது 2010இல் வெளியான மினசோட்டா ஆய்வு.

இன்று பலரும் கையாளும் ‘கேப்’ மதிப்பெண் 2012இல் வந்தது. பாலினம், வயது, இரு நுரையீரல் அளவைகள், மொத்தம் 8. அது முடக்குவாதத்துக்கென உருவானதன்று. காரணமறியா நுரையீரல் தழும்பேற்றத்துக்கானது. அதில் ஆணுக்கு ஒரு மதிப்பெண் கூடும். முடக்குவாதமோ பெண்களையே மிகுதியும் பற்றுவது. வாயுப் பரவல் சோதனையைச் செய்ய இயலாத அளவு நலிந்தவருக்கு 3 மதிப்பெண். கருவியே இல்லாத ஊரில் ‘செய்யப்படவில்லை’ என்பதை ‘செய்ய இயலவில்லை’ எனக் குறித்துவிட்டால், நோயாளி தாளில் மட்டும் சாவை நெருங்கிவிடுகிறார். இது சிறு பிழையன்று.

இந்தியாவில் 19 நகரங்களின் 27 மையங்களிலிருந்து 1084 இடைத்திசு நோயாளிகளைத் தொகுத்த பதிவேட்டின் அறிக்கை 2017இல் வெளியானது. இணைப்புத்திசு நோய்களால் வந்தவை அதில் 13.9 விழுக்காடு. யாருக்கு எந்த வகை நோய் என்பதே அவ்வறிக்கையின் வினா. அவர்கள் எத்தனை ஆண்டு வாழ்ந்தனர் என்பதன்று.