பள்ளியைக் காப்பாற்றப் பாடும் 9 மாணவிகள்: 'லவ் லைவ்! சன்ஷைன்!!' மங்காவுக்கும் அனிமேவுக்கும் என்ன வித்தியாசம்?

தோணிரேவு, பழவேற்காடு பக்கம் இருக்கிறவங்களுக்கு இந்தக் கதைக்களம் ரொம்பப் புதுசா இருக்காது. தண்ணீரை ஒட்டிய சின்ன ஊர், படகுகள், மீன் வாசம். எதுக்குமே பஸ் ஏறி டவுனுக்குப் போகணும். ஜப்பானின் ஷிசுவோகா மாகாணம், நுமாசு நகரத்தில் உள்ள உச்சிஉரா என்ற கடலோரப் பகுதிதான் 'லவ் லைவ்! சன்ஷைன்!!' கதை நடக்கும் இடம்.

கதை என்ன?

உரனோஹோஷி பெண்கள் பள்ளி மாணவி சிகா தகாமி. மேடையில் ஜொலிக்கணும்னு ஆசைப்பட்டு 'அக்வா' என்ற பாட்டு, நடனக் குழுவைத் தொடங்குகிறார். பள்ளிக்குள்ளேயே இப்படி உருவாகும் குழுவினர்தான் 'ஸ்கூல் ஐடல்'. இதுக்கு நடுவுல, மாணவிகள் குறைவதால் பள்ளியை நகரப் பள்ளியோடு இணைக்கப் போறதா தகவல் வருது. ஆசைக்குத் தொடங்கின குழு, பள்ளிக்காகப் போராடும் குழுவா மாறுது.

மங்காதான் முதலில் வந்ததா?

பலர் அப்படித்தான் நினைக்கிறாங்க. ஆனா இல்லை. 2015-ல் 'டெங்கெகி ஜீஸ் மேகசின்' இதழில் அறிவிக்கப்பட்ட ஒரு திட்டம்தான் மூலம். மங்கா, அனிமே இரண்டுமே அதன் கிளைகள். மங்காவின் கதை சகுராகோ கிமினோ, ஓவியம் மசாரு ஓடா. அனிமேவைத் தயாரித்தது சன்ரைஸ் நிறுவனம், இயக்குநர் கசுவோ சகாய். 2016, 2017-ல் தலா 13 எபிசோடுகள், 2019 ஜனவரியில் திரைப்படம்.

என்னென்ன வித்தியாசம்?

கதை: அதே 9 பேர், அதே ஊர். ஆனா மங்கா, அனிமேவின் நகல் இல்லை. சம்பவங்கள் தனிப் பாதையில் போகும்.

பாட்டு: மங்காவில் பாட்டை நாமதான் கற்பனை பண்ணிக்கணும். அனிமேவில் பாட்டுதான் உயிர். குரல் கொடுத்த 9 நடிகைகளும் நிஜ மேடையிலும் ஆடிப் பாடினார்கள். 2018 நவம்பரில் டோக்கியோ டோமிலேயே நிகழ்ச்சி நடத்தினார்கள்.

ஊர்: நிஜமான தெருக்களையும் கடற்கரையையும் அனிமே அப்படியே வரைந்தது. அதைப் பார்த்த ரசிகர்கள் நுமாசுவுக்குப் படையெடுத்தாங்க. அங்கே பாதாள சாக்கடை மூடிகளில்கூட இந்த 9 பேரின் படம் இருக்கு.

முடிவு சொல்லலாமா?

ஸ்பாய்லர் வேண்டாம்னா இந்தப் பத்தியைத் தாண்டிடுங்க. அனிமேவில் பள்ளியைக் காப்பாற்ற 100 பேர் சேர விண்ணப்பிக்கணும். கெடு முடியும்போது கணக்கு 98-லேயே நின்னுடுது. பள்ளி மூடப்படுது. ஆனா அக்வா தேசியப் போட்டியில் ஜெயித்து, பள்ளியின் பெயரை வரலாற்றில் பதிய வைக்குது. இதற்கு முந்தைய 'லவ் லைவ்!' தொடரில் பள்ளி தப்பிச்சிடும். இங்கே அந்த ஆறுதல் இல்லை.

எதில் தொடங்கலாம்?

முதல்ல அனிமே. பாட்டைக் கேட்ட பிறகு மங்காவைப் புரட்டினால், பக்கங்களிலும் அந்தக் குரல்கள் கேட்கும்.