கோழிக்கூண்டு வலையில் வந்த பாடம்



பிராந்திய ராணுவத்தில் பகுதிநேர வீரராக இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் செய்தி அனுப்பியிருந்தார். அமெரிக்காவில் தேசியக் காவல்படை என்று ஒன்று உண்டு. ஊரில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டே, அழைக்கும்போது சீருடை போடுபவர்கள். அவர்களுக்காக 1990களில் கணினியும் இருவழிக் காணொளியும் கொண்ட வகுப்பறைகள் அமைத்தார்கள். படை பயன்படுத்தாத நேரத்தில் ஊர்க்காரர்களும் அங்கே படிக்க முடிந்தது. "நம்ம நாட்டுல இப்படி இருந்துச்சா டீச்சர்?" என்று கேட்டிருந்தார். (அவருடைய பிராந்திய ராணுவத்தை 1949 அக்டோபர் 9 அன்று தொடங்கிவைத்தவர் நம் ராஜாஜி. இது அவருக்கே தெரியவில்லை!)

படைக்கென்று இருந்ததாக நான் அறியேன். ஆனால் பள்ளியும் ஊரும் ஒரே பெட்டியைப் பங்கிட்டுப் படித்த காலம் ஒன்று உண்டு. 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை நடந்த 'சைட்' என்ற செயற்கைக்கோள் கல்விச் சோதனை அது. விக்ரம் சாராபாய் கண்ட கனவு. நடந்தபோது அவர் உயிரோடு இல்லை. நாசாவின் ஏ.டி.எஸ்.-6 கோளை ஓராண்டுக்கு வாங்கி, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு ஒளிபரப்பினார்கள். கோழிக்கூண்டுக்கு அடிப்போமே, அந்தக் கம்பி வலையில்தான் பத்தடி ஆண்டெனா! காலையில் ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளுக்கு. மாலையில் இரண்டரை மணி நேரம் விவசாயம், சுகாதாரம் என்று ஊருக்கு. ஆந்திரம், கர்நாடகம் வரை வந்தது, தமிழ்நாட்டுக்கு வரவில்லை. நமக்கு அதே ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி வந்தது.

எனக்கு அதில் பிடித்தது ஆசிரியர் பயிற்சிதான். அந்த ஓராண்டில் ஏறக்குறைய 50,000 தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் கற்பித்தார்கள். படத்தை மட்டும் காட்டிவிட்டு விடவில்லை. வானொலி, அச்சிட்ட குறிப்பு, கையால் செய்துபார்க்கும் சோதனை எல்லாம் கூடவே இருந்தன.

பெட்டியிடம் திருப்பிக் கேட்க முடியாது என்பதுதான் குறை. அதைத் தீர்க்க வந்தது எஜுசாட். மாமல்லபுரத்திலிருந்து இதே கரையோடு வடக்கே போனால், பழவேற்காட்டைத் தாண்டி ஸ்ரீஹரிகோட்டா. 2004 செப்டம்பர் 20 அன்று அங்கிருந்து கிளம்பியது. கல்விக்கென்றே நாம் அனுப்பிய முதல் கோள். பார்க்க மட்டும் முடிகிற மையங்கள், கேள்வியும் கேட்க முடிகிற மையங்கள் என்று இரண்டு வகை. கேள்வி கேட்கும் கருவிக்குச் செலவு அதிகம். 2010இல் கோளின் ஆயுளும் முடிந்தது.

2020இல் ஊரடங்கு. செங்கல்பட்டு தனி மாவட்டமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. கல்வித் தொலைக்காட்சிதான் பள்ளிக்கூடம். பக்கத்து வீட்டு மூன்றாம் வகுப்புப் பையன் பார்த்துக்கொண்டிருந்தான். "புரிஞ்சுதா பிள்ளைங்களா?" என்று திரையில் ஆசிரியை கேட்டார். "இல்ல டீச்சர்" என்றான் இவன். அவர் அடுத்த கணக்குக்குப் போய்விட்டார். நான் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

இப்போது அரசு மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் இருக்கிறது. கணினி, இணையம், திரை எல்லாம் உண்டு. நான் பார்த்த இடங்களில் பள்ளி விட்டதும் பூட்டு. உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள், சிலர் தலைமையாசிரியர்கள். மாலையில் அந்த அறையை ஊருக்குத் திறந்துவிடும் பள்ளி, சதுரங்கப்பட்டினம் பக்கமோ திருக்கழுக்குன்றம் பக்கமோ, எங்காவது இருந்தால் எழுதுங்கள். நேரில் போய்ப் பார்த்துவிட்டு அந்தப் பட்டாளத்துப் பிள்ளைக்குப் பதில் போடுகிறேன்.