ஹாஸ்டல் தண்ணீர்தான் முடியைக் கொட்ட வைக்குதா? 7 நம்பிக்கைகளும் உண்மைகளும்!

வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் படப்பையைத் தாண்டினால் சேரப்பணஞ்சேரி. அங்கிருந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வரை நீளும் தொழிற்சாலைப் பகுதியில், வெளியூரிலிருந்து வந்து ஹாஸ்டலிலும் வாடகை அறையிலும் தங்கி வேலை பார்க்கும் இளைஞர்கள் ஏராளம். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்ட விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம்.

வந்து மூணு மாசம் ஆனதும் பலரும் சொல்லும் புகார் ஒன்றுதான்: "இந்த ஊர் தண்ணி ஒத்துக்கல, முடி கொத்துக் கொத்தா கொட்டுது!" உடனே ஆளுக்கொரு எண்ணெய், ஆளுக்கொரு வைத்தியம். இதில் எது உண்மை, எது கட்டுக்கதை?

1. உப்புத் தண்ணீரில் குளித்தால் முடி வேரோடு கொட்டும்

பெரும்பாலும் தவறு. உப்புத் தண்ணீரில் கால்சியம், மெக்னீசியம் அதிகம். அது முடியின் மேல் படிந்து சொரசொரப்பாக்கும், ஷாம்பு நுரைக்காது, சிக்கு விழும். அந்தச் சிக்கை இழுத்துச் சீவும்போது முடி நடுவில் உடையும். ஆனால், முடி முளைக்கும் வேர் தோலுக்கு அடியில் இருக்கிறது. அந்தப் படிவு அங்கே போவதில்லை. கோவை மருத்துவர்கள் 2013-ல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்விலும், உப்புத் தண்ணீரால் முடியின் வலு பெரிதாகக் குறையவில்லை. கண்டிஷனர் போடுங்கள், கடைசி ஒரு மக் மட்டும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். அது போதும்.

2. அப்போ மூணு மாசத்தில் ஏன் கொட்டுது?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. தலையில் சுமார் ஒரு லட்சம் முடி. அதில் 85 - 90 சதவிகிதம் வளர்ந்துகொண்டிருக்கும், மீதி ஓய்வில் இருக்கும். டெங்கு மாதிரி கடும் காய்ச்சல், பிரசவம், திடீர் எடைக்குறைவு, சரியாகச் சாப்பிடாமல் இருப்பது, பெரிய மன அழுத்தம்... இதில் எது வந்தாலும் நிறைய முடிகள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். அவை உடனே விழாது. இரண்டு, மூன்று மாதம் கழித்துத்தான் விழும். நைட் ஷிஃப்ட் முடிந்து டிபன் சாப்பிடாமல் தூங்குவது, மதியச் சாப்பாடு பிடிக்காமல் பிஸ்கட்டோடு நிறுத்திக்கொள்வது என்று ஆரம்பித்த வாரங்களின் கணக்கு, மூணு மாசம் கழித்து பாத்ரூமில் தெரிகிறது. பழி மட்டும் தண்ணீர் மேல்!

ஆறுதலான செய்தி: காரணம் சரியானால், இந்த வகை உதிர்வு பெரும்பாலும் ஆறேழு மாதங்களில் நின்று முடி திரும்ப வளரும்.

3. தினமும் முடி கொட்டினாலே ஆபத்து

இல்லை. நாளுக்கு 50 முதல் 100 முடி விழுவது இயல்பு. மூன்று நாளைக்கு ஒருமுறை தலைக்குக் குளித்தால், மூன்று நாள் முடியும் சேர்ந்துதான் கையில் வரும்.

4. எண்ணெய் தேய்த்தால் முடி வளரும்

பாதி உண்மை. தேங்காய் எண்ணெய் முடிக்குள் ஊடுருவி, அலசும்போது புரதம் வெளியேறுவதைக் குறைக்கிறது. இது ஆய்வில் நிரூபணமானது. அதனால் இருக்கும் முடி உடையாமல் இருக்கும். புது முடி முளைக்க வைக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. பொடுகு இருந்தால் எண்ணெய் ஊறவைக்காதீர்கள். பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்கு எண்ணெய்ப் பசைதான் சாப்பாடு. டாக்டரிடம் கேட்டு கீட்டோகோனசோல் ஷாம்பு போடுவது பலன் தரும்.

5. ஹெல்மெட்டும் தொப்பியும் வழுக்கையாக்கும்

ஆக்காது. ஆண்களின் வழுக்கைக்குப் பரம்பரையும் ஹார்மோனும்தான் காரணம். அந்தப் பரம்பரை அம்மா வழியில் மட்டுமல்ல, அப்பா வழியிலும் வரும். ஹெல்மெட்டைக் கழற்றி மாட்டினால் முடி போய்விடும் என்று பயந்து உயிரைப் பணயம் வைக்காதீர்கள்! வியர்வையைத் துடைத்து உள்துணியைத் துவைத்தாலே போதும். ஆனால், வேலை நேரம் முழுக்கத் தொப்பிக்குள் இறுக்கிக் கொண்டை போடுவது வேறு கதை. மாதக்கணக்கில் இழுபட்டால் நெற்றியோர முடி போய்விடும்; ரொம்ப நாள் விட்டால் திரும்ப வராது. கொண்டையைத் தளர்த்துங்கள், இடத்தை மாற்றி மாற்றிப் போடுங்கள்.

6. மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும்

வேரின் எண்ணிக்கை மாறுவதில்லை. புதிதாக வெட்டிய முனை தடிமனாகத் தெரியும், அவ்வளவுதான். முனையை ட்ரிம் செய்தாலும் வளரும் வேகம் கூடாது. மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ.தான்.

7. பயோட்டின் மாத்திரை போட்டால் சரியாகிவிடும்

பயோட்டின் குறைபாடு மிக அரிது. தேவையில்லாமல் அதிகம் போட்டால் தைராய்டு உள்ளிட்ட ரத்தப் பரிசோதனை முடிவுகள் தவறாக வரலாம் என அமெரிக்க எஃப்.டி.ஏ 2017-லேயே எச்சரித்தது.

முதலில் பார்க்க வேண்டியது எது?

தமிழ்நாட்டில் 15 - 49 வயதுப் பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தச்சோகை என்கிறது 2019 - 21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. முடி உதிர்வோடு சோர்வு, மூச்சு வாங்குதல், மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு இருந்தால், எண்ணெய் வாங்கும் முன் ஹீமோகுளோபின் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம். தேவைப்பட்டால் தைராய்டு, இரும்புச்சத்து இருப்புக்கும் டாக்டர் எழுதிக்கொடுப்பார்.

சாப்பாட்டில் முருங்கைக்கீரை, சுண்டல், முட்டை, ஈரல் சேருங்கள். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள். டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. எலுமிச்சை, நெல்லிக்காய் சேர உதவும்.

வட்ட வட்டமாகச் சொட்டை, தலையில் புண், ஆறு மாதத்துக்கு மேலும் நிற்காத உதிர்வு - இதில் எது இருந்தாலும் தோல் மருத்துவரைப் பாருங்கள். ரூம்மேட் சொன்ன எண்ணெய் அதுவரை அலமாரியிலேயே இருக்கட்டும்!