தாரும்: கேட்கும் சொல்லும் கேட்பவரின் உள்ளமும்



விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைகளுக்கு அச்சு வார்க்கும் தொழிலாளி ஒருவரின் மகள் வெளியூரில் வேலைக்குச் சேர்ந்தாள். மேலதிகாரிக்கு ஆங்கிலத்தில் அவள் எழுதிய முதல் வரி 'கிவ் மீ லீவ் டுமாரோ'. "எனக்கே கட்டளையிடுகிறாயா?" என்று கடிந்துகொண்டாராம் அவர். "ஐயா, 'நாளைக்கு லீவு கொடுங்க'ன்னுதானே எழுதினேன்?" என்று என்னிடம் கேட்டு அழுதாள்.

அவள் நினைத்தது பணிவான சொல்லே. தமிழில் மரியாதை வினையின் இறுதியில் அமர்ந்திருக்கிறது. 'கொடு' என்பதோடு 'ங்கள்' சேர்ந்தால் கட்டளை வேண்டுகோளாகிறது. ஆங்கில வினைக்கு அத்தகைய விகுதி இல்லை. ஒருகாலத்தில் அம்மொழியிலும் 'நீ' என்பதற்கு 'தௌ', 'நீங்கள்' என்பதற்கு 'யூ' என இரு சொற்கள் இருந்தன. 17ஆம் நூற்றாண்டில் 'தௌ' பொதுப்பேச்சிலிருந்து பெரும்பாலும் மறைந்தது. அரசருக்கும் ஏவலருக்கும் 'யூ' ஒன்றே எஞ்சியது. ஆகவே மரியாதையை வேறு சொற்கள் சுமக்கின்றன. 'குட் யூ', 'வுட் யூ' என்று இறந்தகால வடிவத்தில் கேட்பது, மறுப்பதற்கும் இடம்விட்டுக் கேட்பதாகும். 'ப்ளீஸ்' என்பதும் 'உமக்குப் பிரியமானால்' என்னும் பழைய தொடரின் சுருக்கமே. அதற்குமுன் அன்றாட வேண்டுகோளுக்கு வழங்கிய சொல் 'ப்ரே'. ஜெபத்துக்கும் அதே சொல்தான்.

நம் முன்னோரோ இதற்கு இலக்கணமே வகுத்தனர். தொல்காப்பியம் கேட்கும் சொற்களை மூன்றாகப் பிரிக்கிறது. தாழ்ந்தவன் உயர்ந்தவனிடம் 'ஈ' என்பான். ஒத்தவன் 'தா' என்பான். உயர்ந்தவன் 'கொடு' என்பான். பின்வந்த நன்னூலும் இதையே சொல்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: மூன்றையும் அது இரப்பவர் சொல் என்றே குறிக்கிறது. 'கொடு' என்கிற உயர்ந்தவனும், தன்னிடம் இல்லாததைக் கேட்கும்போது இரப்பவனே.

1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். பப்ரிசியுஸ் அதைச் செம்மைப்படுத்தினார். பவர் ஐயர் தலைமையில் நடந்த திருத்தம் 1871இல் வெளிவந்தது. இவர்கள் எதிர்கொண்ட கிரேக்க மொழியில் ஒருவரை விளிக்க மரியாதைப் பன்மை இல்லை. கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் ஆகாரம் கேட்கும் 'தோஸ்' என்ற சொல்லே, தகப்பனிடம் பங்கு கேட்ட இளைய குமாரன் வாயிலும் வருகிறது. தமிழிலோ எவ்வாறு கேட்பது என்று தெரிந்தெடுக்க வேண்டியிருந்தது. நம் கையிலுள்ள வேதம் ஜெபத்தில் 'தாரும்' என்கிறது. ஒத்தவர் சொல்லான 'தா'வோடு, 'நீர்' என்பதற்குரிய மரியாதை விகுதி சேர்ந்த சொல் அது. பிள்ளையின் உரிமையும் பணிவும் அதில் ஒருங்கே நிற்கின்றன.

பிரியமானவர்களே, இதைச் சிந்தித்தபோது என் குற்றம் எனக்குத் தெரிந்தது. சபைச் செயலரிடம், "சாவியைக் கொஞ்சம் தாங்க" என்பேன். ஆலய வளாகத்தைப் பெருக்கும் பெரியவரிடம், அவர் என்னைவிட மூத்தவராயிருந்தும், "சாவியைக் கொடு" என்பேன். சாவி ஒன்றே, கேட்ட வாயும் ஒன்றே. தேவனிடம் 'தாரும்' என்று கேட்டு முடித்த அதே வாய்.

பிலேமோனுக்கு எழுதிய பவுல், கட்டளையிடத் தனக்குத் துணிவுண்டு என்று சொல்லியும், அன்பின் பொருட்டு வேண்டிக்கொள்வதையே தெரிந்தெடுத்தார். அதுவும் ஓர் அடிமையைச் சகோதரனாக ஏற்றுக்கொள்ளும்படி.

மறுவாரம் அப்பெரியவரிடம், "சாவியைத் தாருங்கள், ஐயா" என்றேன். அவர் திகைத்து நின்றார். அத்தனை ஆண்டுகள் நான் எப்படிக் கேட்டு வந்தேன் என்பதை அந்தத் திகைப்பு எனக்குச் சொல்லிற்று.

இவ்வாரம் உங்கள் வீட்டிலும் வேலையிடத்திலும் யாரிடம் 'தாருங்கள்' என்கிறீர்கள், யாரிடம் 'கொடு' என்கிறீர்கள் என்று கவனித்துப் பாருங்கள். நம் வாயின் வார்த்தைகளைக் கர்த்தர் சீர்ப்படுத்துவாராக. ஆமென்.