ஈதர் முள்ளும் கரண்ட் முள்ளும்

எங்கள் லாரி கைமாறி வந்தபோது, டெம்பரேச்சர் மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் வட்டமாக ஓர் ஓட்டைதான் இருந்தது. முன்பு ஓட்டியவர்கள் அதை ஒரு குறையாக எண்ணவில்லை. பானட்டில் கை வைத்துப் பார்ப்பார்கள். மேட்டில் இழுவை தளர்வதைக் காலால் உணர்வார்கள். அந்த அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் கைக்குச் சூடு எட்டுவதற்குள் ஹெட் கேஸ்கட் போய்விடும், ஹெட் வளைந்துவிடும். எண் காட்டும் முள் ஒன்று வேண்டும் என்று முடிவு செய்தோம். கடையில் இரண்டு வகை கிடைத்தன: செப்புக் குழாய் வால் போலத் தொங்கும் ஈதர் மீட்டர் ஒன்று, ஒயரும் சென்சருமாக வரும் கரண்ட் மீட்டர் ஒன்று. இரண்டையுமே இந்த வண்டியில் மாட்டிப் பார்த்தாயிற்று.

முதலில் எஞ்சினைப் பற்றிச் சொல்ல வேண்டும். டெல்கோ நிறுவனம் 1954 முதல் 15 ஆண்டுகள் டைம்லர் பென்ஸோடு கூட்டு வைத்து லாரி செய்தது. அந்த வழியில் வந்ததுதான் எங்கள் லாரியில் இருக்கும் 697 எஞ்சின். ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றும் 97 மி.மீ. போர், பெயரே அதிலிருந்து வந்ததுதான். மொத்தக் கொள்ளளவு 5,675 சி.சி. ஆகும். டீசலை அடிக்கும் பம்ப் முழுக்க இயந்திரம். பேட்டரி செல்ஃப் எடுத்துக் கொடுப்பதோடு சரி. அதன் பிறகு ஒயரையெல்லாம் பிடுங்கிப் போட்டாலும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். அணைப்பதற்குக்கூட கேபிளைத்தான் இழுக்க வேண்டும். மின்சாரத்தை நம்பாமல் ஓடும் எஞ்சினுக்குக் காவலாக எதை வைப்பது என்பதே என் கேள்வியாக இருந்தது.

ஈதர் மீட்டரின் நுனியில் விரல் பருமனில் ஒரு குமிழ். அதற்குள் ஈதர் போன்ற, சீக்கிரம் ஆவியாகும் திரவம். குமிழ் எஞ்சின் தண்ணீரில் மூழ்கியிருக்கும். தண்ணீர் சூடேற ஏற உள்ளே ஆவியின் அழுத்தம் கூடும். அந்த அழுத்தம் மயிரிழை போன்ற துளையுள்ள செப்புக் குழாய் வழியே டேஷ்போர்டுக்கு வந்து, கேள்விக்குறிபோல் வளைந்த ஒரு தட்டைக் குழாயை நிமிர்த்தப் பார்க்கும். அந்த நிமிர்வுதான் முள்ளைத் தள்ளுகிறது. பிரான்சின் யூஜின் பூர்தோன் 1849-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. காஸ் சிலிண்டர் ரெகுலேட்டர் மீட்டரிலும், கம்ப்ரஸர் மீட்டரிலும் இன்றும் இதே குழாய்தான் இருக்கிறது.

கரண்ட் மீட்டரில் சென்சருக்குள் ஒரு சிறு வில்லை இருக்கிறது. சூடு ஏறினால் அதன் மின்தடை இறங்கும். மீட்டரிலிருந்து ஒயர் வழியே வரும் கரண்ட் இந்த வில்லையைக் கடந்து, சென்சரின் த்ரெட் வழியாக எஞ்சின் பிளாக்கில் எர்த் ஆகிறது. எவ்வளவு கரண்ட் ஓடுகிறதோ அதற்கேற்ப முள் நகரும்.

இதுவரை இரண்டும் சமம். பிரிவது சூடு உச்சத்துக்குப் போகும்போது. பரவலாகப் புழங்கும் ஒரு சென்சரை எடுத்துக்கொள்வோம். 40 டிகிரியில் அதன் தடை 300 ஓமுக்குச் சற்றுக் குறைவு. 50 டிகிரிக்குப் போனால் ஏறக்குறைய 200. பத்து டிகிரிக்குச் சுமார் நூறு ஓம் வித்தியாசம். அதே சென்சர் 90 டிகிரியில் 50 ஓமுக்குப் பக்கத்திலும், 100 டிகிரியில் 40 ஓமுக்குப் பக்கத்திலும் நிற்கும். இங்கே பத்து டிகிரிக்குப் பத்துப் பன்னிரண்டு ஓம்தான். துருப்பிடித்த எர்த் ஒயரும், பச்சை பூத்த லக்கும் சேர்ந்தாலே அந்தப் பத்து ஓம் வந்துவிடும். வந்தால் 100-இல் கொதிக்கும் எஞ்சினை முள் 90 என்று காட்டும். குளிர்ந்த எஞ்சினில் இதே கோளாறு கண்ணுக்கே தெரியாது.

ஈதரின் குணம் நேர் எதிர். 40-இலிருந்து 50-க்குப் போகையில் கூடும் ஆவி அழுத்தத்தைவிட, 100-இலிருந்து 110-க்குப் போகையில் கூடும் அழுத்தம் மூன்று மடங்குக்கு மேல். அதனால்தான் அந்த மீட்டரின் முகத்தில் கீழ் எண்கள் நெருக்கியடித்துக் கிடக்க, மேல் எண்கள் விரிந்து கிடக்கும். ஆபத்து நெருங்கும் இடத்தில்தான் இந்த முள் மிகத் தாராளமாக நகர்கிறது. இதைக் கண்டுகொண்ட நாளில் எனக்கு உண்டான மகிழ்ச்சி சொல்லி மாளாது.

நாங்கள் முதலில் மாட்டியது கரண்ட் மீட்டர். வேலை எளிது, ஒரு மணி நேரத்தில் முடிந்தது. பட்டறையில் சென்சரின் த்ரெட் பொருந்தவில்லை என்று ஓர் அடாப்டர் போட்டு, ஒழுகக் கூடாதென்று இரண்டு பக்கமும் டெஃப்லான் டேப்பைத் தடிமனாகச் சுற்றிவிட்டார்கள். தண்ணீர் ஒழுகவில்லை, எர்த்தும் சரியாகக் கிடைக்கவில்லை. திம்பம் மலையில் லோடோடு ஏறும்போது டிரைவர் அண்ணன் போன் செய்தார்: “முள்ளு எம்பதுலயேதானுங்க நிக்குது, ஆனா பானட்டுப் பக்கம் காலு வெக்க முடியலீங்க.” காலை நம்பச் சொல்லியிருக்க வேண்டும், நான் முள்ளை நம்பச் சொன்னேன். அந்தப் பயணத்தில் கேஸ்கட் போனது.

அடுத்து ஈதர் மீட்டர். அதில் மீட்டர், குழாய், குமிழ் மூன்றும் ஒரே உறுப்பு. குழாயை வெட்டவும் முடியாது, ஒட்டுப் போடவும் முடியாது. டேஷ்போர்டுப் பக்கமிருந்து குமிழை நட்டோடு எஞ்சின் பக்கம் நுழைக்க வேண்டும் என்பதால் தகரத்தில் ஓட்டை பெரிதாக வேண்டும். அதில் ரப்பர் வளையம் கட்டாயம், இல்லாவிட்டால் தகர விளிம்பு குழாயை அறுத்துவிடும். மிஞ்சிய குழாயை உள்ளங்கை அகலத்துக்குச் சுருட்டிக் கட்டினால் அதிர்வை அந்தச் சுருள் வாங்கிக்கொள்ளும். சைலன்சர் குழாய்ப் பக்கம் போகவே கூடாது. நட்டை முறுக்கும்போது குமிழும் கூடவே சுற்றாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். எங்கள் முதல் மீட்டரில் பிடிக்காமல் விட்டோம். ஸ்பேனர் கால் சுற்றுப் போனதும் குழாய் கழுத்தில் முறுக்கிக்கொண்டது. ‘ஸ்’ என்று ஒரு சத்தம், தலை சுற்றும் இனிப்பு வாடை, முள் மெதுவாக அடியில் போய்ப் படுத்தது. மொத்த மீட்டரும் வீண். கரண்ட் மீட்டரில் அதே தவறு நடந்திருந்தால் சென்சர் ஒன்றோடு போயிருக்கும்.

இரண்டாவதை மாட்டுமுன் வீட்டு அடுப்பில் சோதித்தோம். கொதிக்கும் தண்ணீரில் குமிழை இறக்கினால் 100 காட்ட வேண்டும். ஊட்டியில் சோதித்தால் 92, 93 காட்டினாலும் மீட்டர் சரியே. அந்த உயரத்தில் தண்ணீர் கொதிப்பதே அந்தச் சூட்டில்தான்.

பழுதாகும் விதத்திலும் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. ஈதர் மீட்டரின் குழாய் உடைந்தால் முள் அடியில் விழுந்து, ஓடும் எஞ்சினில் ‘குளிர்’ என்று காட்டும். அரை மணி ஓட்டத்துக்குப் பிறகும் முள் அடியில் கிடந்தால் எவருக்கும் சந்தேகம் வரும். கரண்ட் மீட்டரில் ஒயர் அறுந்தால் முள் விழும், ஒயர் பாடியில் உரசினால் உச்சிக்குப் பறக்கும். இவற்றையும் கண்டுபிடித்துவிடலாம். எர்த் மெல்லக் கெடுவதைத்தான் கண்டுபிடிக்க முடியாது. முள் உயிரோடு இருப்பதுபோலவே இருந்து பொய் சொல்லும்.

இதனால் கரண்ட் மீட்டரை ஒதுக்கச் சொல்லவில்லை. கேபினை முன்னால் கவிழ்த்துத் திறக்கும் லாரியில் ஒவ்வொரு தடவையும் செப்புக் குழாய் வளைந்து நிமிரும், சீக்கிரமே ஒடியும். எஞ்சின் பின்னால் இருக்கும் பஸ்ஸுக்கு அவ்வளவு நீளக் குழாய்க்கு எங்கே போவது? அங்கெல்லாம் ஒயர்தான். மீட்டருக்கு ஏற்ற சென்சர், 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்ற கவனம், பிளாக்கிலிருந்து சேஸுக்குத் தனியாக ஒரு தடித்த எர்த் ஒயர், டேப் இல்லாத த்ரெட், இவை இருந்தால் அதுவும் உண்மை பேசும்.

இரண்டுக்கும் பொதுவான ஒரு குருட்டுத்தனம் உண்டு. குமிழோ சென்சரோ தண்ணீரில் இருக்கும்வரைதான் கணக்கு. ஹோஸ் வெடித்தோ வாட்டர் பாடி ஒழுகியோ தண்ணீர் இறங்கிவிட்டால், காற்றில் தொங்கும் நுனி உண்மைச் சூட்டைக் காட்டாது. எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் இறங்கக்கூடும். மேட்டில் முள் திடீரென இறங்கினால் நிம்மதி அடையாமல் வண்டியை ஓரங்கட்ட வேண்டும் என்று எங்கள் கிளீனர் தம்பிக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். மீட்டர் மாட்டியதில் வேறொன்றும் தெரிந்தது: சமவெளியில் முள் 60-ஐத் தாண்டவில்லை. திறந்து பார்த்தால் தெர்மோஸ்டாட்டையே யாரோ கழற்றி வீசியிருந்தார்கள். புதிது போட்டோம், இப்போது 80-ஐ ஒட்டி நிற்கிறது.

இன்று வண்டியில் இருப்பது ஈதர் மீட்டர்தான். பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27 கொண்டை ஊசி வளைவுகள். பாதி ஏறியதும் முள் 95-ஐத் தொடும். ஓரங்கட்டி, சற்று நேரம் ஐட்லிங்கில் விட்டு, கேபிளை இழுத்து அணைக்கிறோம். சாவியை எடுத்துவிட்டாலும் இந்த முள் வேலை செய்யும். தண்ணீர் ஓட்டம் நின்றதால் முதலில் நாலைந்து டிகிரி ஏறுகிறது, கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கிறது, பிறகு இறங்கத் தொடங்குகிறது. டிரைவர் அண்ணன் டீ குடித்துவிட்டு வந்து முள்ளைப் பார்க்கிறார். அது 60-க்கு வந்த பிறகுதான் கையில் சாக்குத் துணியோடு ரேடியேட்டர் மூடிப் பக்கம் போகிறார்.