விடைத்தாளும் இடமும்: மதிப்பெண் முறையீட்டின் வரலாறு – பங்காருபேட்டையை முன்வைத்து

பங்காருபேட்டை ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் பௌரிங்பேட்டை என வழங்கப்பெற்றது. 1862 முதல் 1870 வரை மைசூரின் ஆணையராக இருந்த பௌரிங்கின் பெயரால் அமைந்த ஊர் அது. கோலார் தங்கவயலுக்குச் செல்லும் கிளை இருப்புப்பாதை இங்கிருந்தே பிரிகிறது. வடார்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து சுரங்கத் தொழிலுக்கு வந்த தமிழர் இவ்வழியாகவே தங்கவயலை அடைந்து, தலைமுறைகளாக அங்கு வேரூன்றினர். 2001 பிப்ரவரி 28இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபின் இருப்புப்பாதையின் போக்கு திரும்பியது. வேலை தேடியும் கல்லூரி தேடியும் இப்பகுதியினர் நாள்தோறும் பங்காருபேட்டை வழியாகப் பெங்களூருக்குச் சென்று திரும்பலாயினர். தந்தையின் பணியை மகன் தொடரும் வாய்ப்பு அற்றுப்போன நிலையில், எஸ்.எஸ்.எல்.சி., பி.யூ.சி. தேர்வு மதிப்பெண்கள் குடும்பத்தின் எதிர்காலத்தையே அறுதியிடும் ஆற்றல் பெற்றன. அம்மதிப்பெண் தவறாயின் எங்குச் சென்று முறையிடுவது, முறையீடு வென்றால் கல்லூரி இடம் கிடைக்குமா என்னும் வினாக்களின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

தமிழ் மரபில் புலமையை மதிப்பிடும் முறை அரங்கேற்றமாக அமைந்திருந்தது. நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்து, அதங்கோட்டாசான் முன்னிலையில் தொல்காப்பியம் அரங்கேறியதைச் சிறப்புப்பாயிரம் வழி அறிகிறோம். அவையோர் தடை எழுப்புவதும் நூலாசிரியர் விடை கூறுவதும் அம்முறையின் கூறுகள். மதிப்பிடுபவரும் மதிப்பிடப்படுபவரும் நேர்நின்று பேசினர். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபின் பரவிய எழுத்துத் தேர்வு முறையோ இருவரையும் ஒருவரையொருவர் அறியாதவராக்கியது. எண் மட்டுமே தாங்கிய விடைத்தாள், பெயர் அறியப்படாத திருத்துநர், மறுமொழிக்கு இடமில்லாத முடிவு என அது அமைந்தது. பாகுபாட்டைத் தவிர்க்க இம்மறைப்பு தேவைப்பட்டது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் தவறும் அம்மறைப்பினுள்ளேயே தங்கிவிட்டது.

தவறு எவ்வளவு என்பதை அளந்தவர்களுள் பிலிப் ஹார்டாக் குறிப்பிடத்தக்கவர். டாக்கா பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராகவும், 1929இல் அறிக்கை அளித்த இந்தியக் கல்விக் குழுவின் தலைவராகவும் விளங்கிய அவர், ரோட்ஸ் என்பாருடன் இணைந்து 1935இல் தேர்வுகளைப் பற்றிய ஓர் ஆய்வை வெளியிட்டார். வரலாற்றுப் பாட விடைத்தாள்கள் 15, திருத்துநர் 14 பேரிடம் தரப்பட்டன. ஓராண்டுக்கு மேல் கடந்தபின் அதே தாள்கள் அவர்களிடமே மீண்டும் தரப்பட்டன. 210 முடிவுகளில் 92 முன்னைய முடிவினின்றும் வேறுபட்டிருந்தன. திருத்துநர் எவரும் நேர்மை பிறழ்ந்தவரல்லர். கட்டுரை வடிவ விடைகளை மதிப்பிடும் மொழியாசிரியர் எவருக்கும் இம்முடிவு வியப்பளிக்காது.

இந்திய விடுதலைக்குப் பிந்தைய முதற்கட்ட வழக்குகள் விடைத்தாளைப் பற்றி எழவில்லை. மதிப்பெண்ணோடு எது சேர்க்கப்படுகிறது என்பது பற்றியே எழுந்தன. பொறியியல், மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் மைசூர் மாநில அரசு நேர்காணலுக்கு மதிப்பெண் ஒதுக்கியதைச் சித்திரலேகா வழக்கில் (1964) உச்ச நீதிமன்றம் ஏற்றது. மருத்துவ இடங்களை மாவட்டவாரியாகப் பங்கிட்ட சென்னை மாநில விதியை இராசேந்திரன் வழக்கில் (1968) அதே நீதிமன்றம் நீக்கியது. இவ்விரு தீர்ப்புகளிலும் தேர்வு மதிப்பெண் ஐயத்திற்கு அப்பாற்பட்டதாகவே கொள்ளப்பட்டது.

விடைத்தாளே வழக்குப் பொருளானது மகாராட்டிரத்தில். மறுகூட்டலுக்கு மட்டும் இடமளித்து, விடைத்தாளைக் காட்டவும் மறுமதிப்பீடு செய்யவும் மறுத்த 1977ஆம் ஆண்டு விதியைப் பம்பாய் உயர் நீதிமன்றம் செல்லாததாக்கியது. உச்ச நீதிமன்றம் 1984இல் பரிதோஷ் வழக்கில் அதனை மாற்றி, விதி செல்லும் என்றது. இலட்சக்கணக்கான தாள்களை மீளத் திறப்பின் தேர்வு முறையே நிலைகுலையும். கல்வித் துறை வல்லுநரின் முடிவில் நீதிமன்றம் தலையிடல் ஆகாது என்பன அத்தீர்ப்பின் அடிப்படைகள். அதே 1984இல் தமிழ்நாடு தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வைப் புகுத்தியது. கால ஒற்றுமை தற்செயலானது எனினும் பொருள் பொதிந்தது. பள்ளித் தேர்வின் மதிப்பெண்ணை முழுமையாக நம்பவும் இயலவில்லை. அதனைத் திறந்து காட்டவும் மனமில்லை.

27 ஆண்டுகள் கழித்து அக்கதவு வேறொரு திறவுகோலால் திறந்தது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, திருத்தப்பட்ட விடைத்தாள் ஒரு 'தகவல்' என்றும், எழுதிய மாணவர் அதனைப் பார்க்கவும் படி பெறவும் உரிமையுடையவர் என்றும் 2011 ஆகஸ்டு 9இல் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி ரவீந்திரன் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் பணியாற்றியவர். திருத்துநரின் பெயரை மறைத்தே படி தரவேண்டும் என்றும், தாளைப் பார்க்கும் உரிமை மறுமதிப்பீடு பெறும் உரிமையாகாது என்றும் அத்தீர்ப்பு வரையறுத்தது. மறுமதிப்பீடு அந்தந்த வாரியத்தின் விதியைப் பொறுத்ததாகவே எஞ்சியது. கர்நாடகப் பி.யூ.சி. தேர்வில் விடைத்தாளின் படி பெறுதல், மறுகூட்டல், மறுமதிப்பீடு ஆகிய மூன்றுக்கும் வழியுண்டு.

மறுமதிப்பீட்டால் கூடும் மதிப்பெண் கல்லூரி இடமாக எவ்வாறு மாறுகிறது என்பதைக் கணக்கிட்டுக் காணலாம். கர்நாடகத்தின் பொறியியல் தரவரிசையில் பி.யூ.சி. இயற்பியல், வேதியியல், கணிதம் ஆகியவற்றின் 300 மதிப்பெண்கள் 50ஆகவும், சி.இ.டி. என்னும் பொது நுழைவுத் தேர்வின் 180 மதிப்பெண்கள் 50ஆகவும் சுருக்கப்பட்டுக் கூட்டப்படுகின்றன. எனவே மறுமதிப்பீட்டில் 6 மதிப்பெண் கூடினால் தரவரிசைக் கணக்கில் சேர்வது 1 மட்டுமே. தமிழ்நாட்டிலோ 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் நுழைவுத் தேர்வு நீங்கியது. 200 மதிப்பெண் கொண்ட பொறியியல் தகுதிக் கணக்கில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என அமைவதால், மேல்நிலைக் கணிதத்தில் கூடும் ஒவ்வொரு மதிப்பெண்ணும் முழுமையாகச் சேர்கிறது. ஒரே தவறு, எல்லைக்கு இப்பால் ஓர் எடையும் அப்பால் வேறோர் எடையும் பெறுகிறது. தமிழ்ப் பாடத்தில் கூடும் மதிப்பெண் இரு மாநிலங்களிலும் பொறியியல் தரவரிசைக்கு உதவுவதில்லை. கலை, அறிவியல், வணிகப் பட்டப் படிப்புகளை நாடுவோருக்கே அது பயன்படக்கூடும்.

ஆகவே முறையீடு இருவகைப்படும் எனலாம். 'என் விடை சரியாகத் திருத்தப்பட்டதா' என்பது ஒன்று. 'என் மதிப்பெண்ணும் பிறர் மதிப்பெண்ணும் ஒரே தராசில் நிறுக்கப்பட்டனவா' என்பது மற்றொன்று. மறுமதிப்பீடு முன்னதற்கே மருந்து. பெருந்தொகையான மாணவரின் இடத்தை முடிவு செய்தது பின்னதே என்பதை வரலாறு காட்டுகிறது.

கர்நாடகத்தில் இது 2022இல் வெளிப்பட்டது. பெருந்தொற்றால் 2021ஆம் ஆண்டு இரண்டாம் பி.யூ.சி. தேர்வு கைவிடப்பட்டு, எஸ்.எஸ்.எல்.சி. மதிப்பெண்ணிலிருந்து 45 விழுக்காடும் முதல் பி.யூ.சி. மதிப்பெண்ணிலிருந்து 45 விழுக்காடும் அகமதிப்பீட்டிலிருந்து 10 விழுக்காடும் எடுத்து முடிவு அறிவிக்கப்பட்டது. தேர்வெழுதப் பதிந்த அனைவரும் தேறினர். 2,239 பேர் 600க்கு 600 பெற்றனர். அவ்வாண்டுத் தரவரிசை சி.இ.டி. மதிப்பெண்ணை மட்டுமே கொண்டு அமைந்ததால் சிக்கல் எழவில்லை. அவர்களுள் ஏறத்தாழ 24,000 பேர் 2022இல் மீண்டும் சி.இ.டி. எழுதியபோது, அவர்தம் பி.யூ.சி. மதிப்பெண்ணைக் கணக்கில் கொள்ளாது தேர்வு ஆணையம் தரவரிசை வெளியிட்டது. புதிய மாணவருக்கு இரு தேர்வுகளின் கூட்டு. பழைய மாணவருக்கு ஒரே தேர்வு. செப்டம்பர் 3இல் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி இம்முடிவை நீக்கி, இருசாராருக்கும் 50:50 முறையையே பின்பற்ற ஆணையிட்டார். அவ்வாறே செய்யின், தேர்வெழுதாமல் பெற்ற உயர் மதிப்பெண் புதிய மாணவரைப் பின்தள்ளும் என்று அரசு மேல்முறையீடு செய்தது. இறுதியில் வல்லுநர் குழு ஒன்றின் சூத்திரத்தை ஆயம் ஏற்றது. 2021ஆம் ஆண்டு மாணவரின் மூன்று பாடங்களிலும் பாடத்திற்குச் சராசரியாக 6 மதிப்பெண் குறைக்கப்பட்டது. அக்டோபர் 1இல் புதிய தரவரிசை வெளிவந்தது. 18 மதிப்பெண் குறைப்பு என்பது தரவரிசைக் கணக்கில் 3, சி.இ.டி. வினாக்களாக மாற்றினால் ஏறத்தாழ 11 வினாக்களுக்கு ஈடு. எவருடைய விடைத்தாளையும் எவரும் திறக்கவில்லை. திறப்பதற்கு விடைத்தாளே இல்லை.

இரு தொகுதியினரை ஒரே பட்டியலில் நிறுத்துவதால் எழும் இச்சிக்கலை இலங்கை பத்தாண்டு முன்னரே கண்டது. 2011ஆம் ஆண்டு உயர்தரத் தேர்வில் பழைய பாடத்திட்டத்தினரையும் புதிய பாடத்திட்டத்தினரையும் சேர்த்து இசட் புள்ளி கணித்ததை 2012 ஜூனில் இலங்கை உயர் நீதிமன்றம் நீக்கி, தனித்தனியே கணிக்கப் பணித்தது. அந்நாட்டுத் தமிழருக்கு இச்சிக்கல் புதிதன்று. 1970களின் தொடக்கத்தில் தமிழ்மொழித் திருத்துநர் தம் மாணவருக்கு மிகுதியாக மதிப்பெண் வழங்கினர் என்ற ஐயம் பரப்பப்பட்டது. தனி விடைத்தாளை மீளத் திருத்துவதே அத்தகைய ஐயத்திற்கு உரிய தீர்வாக இருந்திருக்கும். மாறாக, மொழிவாரியாக வெவ்வேறு தகுதிப் புள்ளிகள் வகுக்கப்பட்டன. 400 மதிப்பெண்ணில் மருத்துவத்திற்குச் சிங்கள மொழி மாணவர் 229 பெற்றால் போதும். தமிழ்மொழி மாணவர் 250 பெறவேண்டும். பேராதனைப் பொறியியலுக்கு முறையே 227, 250 என அமைந்தது. 1973இல் தரப்படுத்தலும் 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் தொடர்ந்தன. சென்னை மாநிலத்தில் 1968இல் நீக்கப்பட்ட மாவட்டப் பங்கீடு, ஆறாண்டுகளில் பாக்கு நீரிணைக்கு அப்பால் நடைமுறைக்கு வந்தது. மாவட்ட ஒதுக்கீடு மன்னார், வவுனியா போன்ற பின்தங்கிய பகுதித் தமிழருக்கு ஓரளவு உதவியதென்பதும், யாழ்ப்பாண மாணவரைப் பெரிதும் பாதித்ததென்பதும் ஒருங்கே நினைக்கத்தக்கன. மொழிவாரித் தகுதிப்புள்ளிக்கு அத்தகைய சமாதானம் எதுவுமில்லை.

மொழி மீண்டும் வழக்கு மன்றம் ஏறியது 2018இல். அவ்வாண்டு நீட் தேர்வைத் தமிழில் எழுதியோர் 24,720 பேர். தமிழ் வினாத்தாளில் 49 வினாக்கள் பிழைபட மொழிபெயர்க்கப்பட்டிருந்தன என்று கூறி டி.கே. ரங்கராஜன் தொடுத்த வழக்கில், வினாவுக்கு 4 வீதம் 196 மதிப்பெண் வழங்கச் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சூலை 10இல் ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் பத்தே நாளில் அதற்குத் தடை விதித்து, நவம்பரில் ஆணையை நீக்கியது. வினாவுக்கு விடையளித்தவர், அளிக்காதவர் என்ற வேறுபாடின்றி வழங்கினால் சிலர் மொத்த மதிப்பெண்ணாகிய 720ஐயும் கடந்துவிடுவர் என்ற வாதம் வலுவுடையதே. ஆயினும் பிழை பிழையாகவே நின்றது. ஐயம் எழின் ஆங்கில வடிவமே முடிவானது என்னும் குறிப்பு வினாத்தாளிலேயே இருந்தது. ஆங்கிலம் போதாமையால் தமிழைத் தேர்ந்த மாணவரிடம், தமிழில் ஐயம் தோன்றின் ஆங்கிலத்தைப் பார் என்று கூறுவது எவ்வகைத் தீர்வு என்பது விளங்கவில்லை. கலைச்சொல்லாக்கம் தமிழ்த்துறைகளின் உள்வீட்டுச் செய்தி என்று எண்ணுவோர் இவ்வழக்கின் ஆவணங்களைப் பயிலுதல் நன்று.

பங்காருபேட்டை மாணவருக்கு இப்பிழையும் வாய்க்கவில்லை. தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமான் மையங்களில் மட்டுமே தமிழ் வினாத்தாள் வழங்கப்படும் என்பதே தேசியத் தேர்வு முகமையின் தகவலேடுகள் வகுத்த முறை. கர்நாடக மையத்தில் எழுதுபவர் தமிழைத் தாய்மொழியாகவும் பள்ளியில் முதல் மொழியாகவும் கொண்டிருப்பினும், நீட் தேர்வைத் தமிழில் எழுத எல்லை கடந்தே செல்லவேண்டும்.

இருவகை முறையீட்டிற்கும் பொதுவான தடை காலம். இடங்கள் எண்ணிக்கையில் அளவுபட்டவை. கலந்தாய்வு நாள் குறிக்கப்பட்டது. மறுமதிப்பீட்டின் முடிவு கலந்தாய்வுக்குப் பின் வருமாயின் உயர்ந்த மதிப்பெண் சான்றிதழை மட்டுமே அழகு செய்யும். முறையற்று இடம் மறுக்கப்பட்ட மருத்துவ மாணவருக்கு இழப்பீடு மட்டும் போதும் என்று 2014இல் கருதிய உச்ச நீதிமன்றம், கிருஷ்ண ஸ்ரத்தா வழக்கில் (2019) அக்கருத்தை மாற்றியது. மாணவர் மீது தவறின்றி, காலந்தாழ்த்தாது நீதிமன்றத்தை நாடியிருப்பின், அரிதான நேர்வுகளில் அவ்வாண்டே ஒரு மாதத்துள்ளோ அடுத்த ஆண்டிலோ இடம் வழங்கலாம் என்றது. வழக்கறிஞரை விரைந்து அமர்த்தும் வசதி பெற்றவருக்கே இந்நிவாரணம் எட்டும் என்பது வெளிப்படை.

கர்நாடகம் 2023–24ஆம் கல்வியாண்டில் வேறொரு வழியை மேற்கொண்டது. துணைத்தேர்வுக்கு மாற்றாக எஸ்.எஸ்.எல்.சி., இரண்டாம் பி.யூ.சி. வகுப்புகளுக்கு ஆண்டுக்கு மூன்று தேர்வுகள் நடத்தி, அவற்றுள் சிறந்த மதிப்பெண்ணை மாணவர் தக்கவைத்துக்கொள்ள இடமளித்தது. திருத்தியவரோடு வழக்காடுவதை விட மீண்டும் எழுதுவது எளிது என்ற நிலை இதனால் உருவானது. அதேவேளை, மூன்று வெவ்வேறு வினாத்தாள்களில் பெற்ற மதிப்பெண்கள் ஒரே தரவரிசையில் அருகருகே அமரும் நிலையும் உருவானது.