கரை உடையும் முன்னே: உத்தரமேரூர் ஏரி வாரியம்

2015ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் பெய்த பெருமழையில் காஞ்சிபுரம் மாவட்டத்து ஏரிகள் பல உடைப்பெடுத்தன. எத்தனையோ ஊர்களில் மக்கள் மணல் மூட்டைகளைச் சுமந்து கரைகளைக் காக்க வேண்டியதாயிற்று. இத்தகைய அவசர வேலை ஏன் நேர்கிறது? அதை முன்கூட்டியே தவிர்க்க இயலாதா? அதே மாவட்டத்தைச் சேர்ந்த உத்தரமேரூரின் வரலாறு இக்கேள்விக்கு நல்ல விடை தருகிறது.

கரை உடைவது எப்படி?

மண்கரை பெரும்பாலும் இரண்டு விதமாக உடைகிறது. முதலாவது, நீர் கரையின் தலைக்கு மேல் வழிந்து மண்ணை அரிப்பது. மிகுதி நீர் வெளியேறுவதற்காகவே கலங்கல் இருக்கிறது. ஏரியில் வண்டல் படிந்தால் கொள்ளளவு குறையும். குறைந்ததை ஈடுகட்டக் கலங்கலின் மட்டத்தைச் சிலர் உயர்த்திவிடுவார்கள். அப்போது நீர்மட்டத்துக்கும் கரையின் உச்சிக்கும் இடையே உள்ள பாதுகாப்பான இடைவெளி சுருங்கிவிடும்.

இரண்டாவது, ஊற்றுக்கசிவு. எலி வளை, மரவேர், மதகின் பழுதான கட்டுமானம் ஆகியவற்றின் வழியே நீர் கரையை ஊடுருவுகிறது. கசியும் நீர் தெளிவாக இருந்தால் கண்காணிப்புப் போதும். கலங்கலாக வந்தால் உள்ளே மண் கரைந்து துளை பெரிதாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அத்துளையை வெளிப்புறத்தில் அடைக்க முயலக் கூடாது. நீர் வேறிடத்தில் பீறிடும். ஊற்றைச் சுற்றி மணல் மூட்டைகளால் வட்டமாகச் சிறு கரை கட்ட வேண்டும். அதனுள் நீர் உயர உயர, இருபுற நீர்மட்டங்களின் வேறுபாடு குறையும். அழுத்தம் குறைந்து மண் அரிப்பும் தணியும். ஆனால் இது தற்காலிகக் காப்புதான். துளையைத் தோண்டிச் செப்பனிட, நீர் வற்றும் கோடை வரை காத்திருக்க வேண்டும்.

ஆறு பேர் கொண்ட குழு

உத்தரமேரூரின் பெரிய ஏரி பழங்காலத்தில் வயிரமேக தடாகம் எனப்பட்டது. பல்லவ மன்னன் தந்திவர்மனின் பட்டப்பெயரை ஒட்டி அமைந்த பெயர் இது. அவ்வூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த இவை குடவோலைத் தேர்தலை விவரிக்கின்றன. கல்வெட்டறிஞர் வெங்கையா இவற்றை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விரிவாக ஆராய்ந்து எழுதினார்.

30 குடும்புகளிலிருந்து ஆண்டுதோறும் 30 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். 12 பேர் சம்வத்சர வாரியத்துக்கும், 12 பேர் தோட்ட வாரியத்துக்கும், 6 பேர் ஏரி வாரியத்துக்கும் சென்றனர். பதவிக்காலம் 360 நாட்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி அவருடைய உறவினரும் தேர்தலில் நிற்க முடியாது. ஏரியின் வருவாய்க்கும் செலவுக்கும் பெயர் சொல்லத்தக்க பொறுப்பாளர் இருந்தார் என்பதே இதன் பொருள்.

பணத்துக்கும் வழி இருந்தது. ஏரிப்பட்டி என்ற பெயரில் நிலங்கள் ஒதுக்கப்பட்டு அவற்றின் விளைச்சல் ஏரிப் பராமரிப்புக்குச் சென்றது. ஓடம் வைத்து வண்டல் அள்ளுவதற்கென்றே கொடைகள் அளிக்கப்பட்டதைத் தமிழகக் கல்வெட்டுகள் சில கூறுகின்றன.

இந்த ஏற்பாட்டின் குறையையும் மறைக்கலாகாது. கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உடைய ஆண்களே வாரியத்தில் இடம்பெற முடிந்தது. மண் சுமந்த உழைப்பாளிகளின் பெயர் குடத்துக்குள் விழவில்லை.

சட்டம் வந்தது

பிற்காலத்தில் ஊர்ச் சபைகள் நலிந்தன. ஆங்கிலேயர் ஆட்சியில் நிலவரி முறை மாறியபோது, பராமரிப்புக்கென ஊர் ஒதுக்கிவந்த பங்கும் பல இடங்களில் மறைந்தது. குடிமராமத்து தளர்ந்தது. அரசு 1858ஆம் ஆண்டு சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. கரை உடையும் அபாயத்தின்போது உழைக்கும் மக்களைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்க இது இடமளித்தது. வழக்கமான மராமத்துக்கு வராதவரிடம் அவ்வேலையின் மதிப்பைப் போல் இருமடங்கு வசூலிக்கவும் வழி செய்தது. கோடையில் ஊரே கூடிச் செய்த வேலை, இப்போது தண்டனைக்கு அஞ்சிச் செய்யும் வேலையாயிற்று. 1876-78 பெரும் பஞ்சத்துக்குப் பிறகு, 1883இல் ஏரிச் சீரமைப்புத் திட்டம் தொடங்கியது. தமிழ்நாடு அரசு 2017இல் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியபோது, தொடக்க விழா காஞ்சிபுரம் மாவட்டத்து மணிமங்கலத்தில் நடைபெற்றது.

இன்று 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் பெரும்பாலும் நீர்வளத் துறையிடமும், சிறியவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் உள்ளன. பொறியியல் அறிவும் இயந்திரங்களும் பத்தாம் நூற்றாண்டைவிட இன்று பன்மடங்கு மிகுதி. ஆனால் அக்காலச் சபை அறிந்திருந்த ஓர் உண்மை மாறவில்லை. அவசர வேலையின் பெரும்பகுதி, கோடையில் செய்யாமல் விட்ட வேலையே.

அடுத்த ஐப்பசிக்கு முன் வாசகர்கள் தத்தம் ஊர் ஏரிக்கு ஒருமுறை சென்று பார்க்கலாம். கலங்கல் மட்டம் உயர்த்தப்பட்டிருக்கிறதா? மதகருகே ஈரம் தெரிகிறதா? கரையில் வளைகள் உள்ளனவா? கண்டதை எழுதி உரியவரிடம் கொடுங்கள். ஆண்டு முடிவில் கணக்கையும் கேளுங்கள்.